வியாழனா, வெள்ளியா

எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. மலாயாவில் வெள்ளைக்காரர்களின் அவசரகாலம் தொடங்கி, ஒதுக்குப்புறமாக இருந்த லயத்து வீடுகளையெல்லாம் பிரித்து, எல்லாக் குடும்பங்களையும் ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்திருந்த சமயம். கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. வேலிக்கு ஒரே ஒரு கேட். பால்வெட்டப் போகிறவர்கள் விடிந்ததும் அது வழியாகத்தான் வெளியே போகவேண்டும். காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி, சர்க்கரை, மருந்து எதுவும் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஆண்களைச் சோதிக்க மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் தேவைப்பட்டது. அறிவிப்புகள் வந்தால் படித்துச் சொல்லவும் தெரிந்திருந்தால் நல்லது என்று தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டுக்காரருக்கு இந்த வேலையில் இஷ்டமில்லை. "ஊரு பொம்பளைங்க மடியில கைய விட்டுப் பாக்குற வேலை. நாளைக்கு யாரு மூஞ்சில முழிப்பே?" என்று கேட்டார். முடியாது என்று சொன்னால் ஏன் முடியாது என்று கேட்பார்களே என்ற பயமும் அவருக்கே இருந்தது. அதனால் போனேன்.

நேற்றுவரை எனக்குக் குழம்பு கொடுத்தனுப்பிய பெண்கள், இன்றைக்கு வரிசையில் வந்து கையைத் தூக்கிக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றார்கள். யாருடைய மடியிலாவது ஏதாவது கிடைத்துவிடுமோ என்று பயம். கவனிக்காமல் விட்டுவிட்டு, பிறகு வேறு யாராவது கண்டுபிடித்தால் நானும் சேர்ந்து உள்ளே போகவேண்டி வருமே என்று அதைவிடப் பெரிய பயம். எனக்குச் "சோதனைக்காரி" என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும்தான் எப்போதும்போலப் பேசுவாள். "நல்லாப் பாத்துக்க, இடுப்புல இருக்குறது கொழுப்புதான், அரிசி இல்ல" என்பாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

வீட்டில் முன்பு நான் படிக்கத் தமிழ்ப் பத்திரிகைகள் இருந்தன. கோலசிலாங்கூர்க் கடைக்காரர் ஒருவர் பழையதாகிப்போன கதைப் பத்திரிகைகளில் சாமான் கட்டிக் கொடுப்பார். கட்டைப் பிரித்து, எண்ணெய்க் கறையோடு அவற்றைப் படிப்பேன். அவசரகாலம் வந்த பிறகு, அச்சடித்த தாள் வீட்டில் இருந்தாலே ஆபத்து என்று லயத்தில் பேச்சு கிளம்பியது. எந்தத் தோட்டத்திலோ ஒருவர் வீட்டில் ஏதோ தாள் அகப்பட்டு அவரைக் கொண்டுபோய்விட்டார்களாம். அது என்ன தாள் என்று சொல்ல ஆளில்லை. ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் காகிதச் சாம்பல் குவிந்து கிடந்தது. "கதைதானே அதெல்லாம்?" என்றேன். "கதைன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வர்றவனுக்குத் தமிழ் தெரியுமா?" என்றார் வீட்டுக்காரர்.

படிக்க ஒன்றும் இல்லாமல் போனபோதுதான், படிப்பு எனக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. நினைக்கும்போது வரும் வார்த்தைகள் குறைந்துபோயின. லயத்தில் பேசுகிற அதே பத்துப் பேச்சுதான் மனதிலும் ஓடியது. சோறு, பால், மழை, யாரைப் பிடித்தார்கள், எப்போது விடுவார்கள். கேட்டில் காலைக் கூட்டம் போன பிறகு மத்தியானம் வரைக்கும் எனக்கு வேலை கிடையாது. நிழலில் உட்கார்ந்திருப்பேன். எதிரே அறிவிப்புப் பலகை. படிக்க இருந்தது அது ஒன்றுதான், அதனால் அதைப் படித்தேன்.

ஒரே அறிவிப்பு அதில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று நான்கு மொழியில் ஒட்டியிருக்கும். மலாய் மட்டும் இரண்டு விதமாக, அரபு மாதிரியான ஜாவி எழுத்திலும் ரூமி எழுத்திலும். மலாய் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பேச வரும். அதனால் ரூமி எழுத்தைப் பிடித்துக்கொள்ளக் கஷ்டமாக இல்லை. வாயில் ஏற்கெனவே இருந்த சொற்கள், அவற்றுக்கு உருவம் மட்டும்தான் தெரியவேண்டியிருந்தது. தமிழ்த் தாளில் இன்ன இடத்தில் இன்ன செய்தி என்று தெரியும். மலாய்த் தாளில் அதே இடத்தைத் தேடுவேன், கிடைத்துவிடும். ரூமி வந்த பிறகுதான் பக்கத்தில் இருந்த ஆங்கிலத் தாளும் அதே எழுத்துகள்தான் என்று உறைத்தது. ஆனால் அதை வாசித்தால் ஒன்றும் விளங்கவில்லை.

முதலில் எண்களையும் ஊர்ப்பெயர்களையும் பிடித்தேன். அவை எல்லா மொழியிலும் மாறாமல் நின்றன. பிறகு திரும்பத் திரும்ப வந்த சொற்கள். தமிழில் "எவரேனும்" என்று தொடங்கும் இடத்தில் ஆங்கிலத்தில் எப்போதும் ஒரே இரண்டு சொற்கள் இருந்தன. தமிழில் வாக்கியம் முழுவதும் போய்க் கடைசியில் வருகிற "கூடாது", ஆங்கிலத்தில் ஆரம்பத்திலேயே வந்து நின்றது. அதைக் கண்டுபிடித்த அன்று எழுந்து நின்றுவிட்டேன். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் தம்பி துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஹால், காக்?" என்றான். என்ன விஷயம் அக்கா என்று. ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துகொண்டேன். பலகையை இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறாளே என்று யாராவது நினைத்துவிட்டால்? அதற்குப் பிறகு, பார்க்காததுபோலப் பார்க்கப் பழகினேன்.

இப்படி மாதக்கணக்கில் போனது. ஒரு சொல்லைக்கூட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் எந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்றும் தெரியாது. மலாய் படிப்பதுபோலவே எழுத்துக்கூட்டி மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அப்படித் தெரிந்துகொண்ட ஆங்கிலமும் ஒரே மாதிரியானது. தடை, குற்றம், தண்டனை, சுடப்படுவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு ஆங்கிலத்தில் தெரியாது. உன்னைச் சுடுவார்கள் என்று சொல்லத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை காலையில் புது அறிவிப்பு வந்து ஒட்டியிருந்தது. மத்தியானம் பால்வெட்டு முடிந்து பெண்கள் திரும்பியபோது, வழக்கம்போல் என்னைச் சுற்றி நின்றார்கள். தமிழ்த் தாளைச் சத்தமாகப் படித்தேன். பெரிய வாய்க்காலின் பாலத்துக்கு அப்பால், காட்டு ஓரம் வரைக்கும் உள்ள பகுதி வெள்ளிக்கிழமை முதல் மூடப்படுகிறது. அதற்குள் காணப்படும் எவரும் சுடப்படலாம்.

"அப்ப வெறகுக்கு எங்கலா போறது?" என்று ஒருத்தி கேட்டாள். காய்ந்த விறகு கிடைக்கிற இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான்.

"நாளையிலேர்ந்துதானே? இன்னிக்கே போய் நாலு நாளைக்குச் சேத்துக் கொண்டாந்துருவோம்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "நல்லாப் பாத்துச் சொல்லு. வெள்ளிதானே?"

"வெள்ளிதான்க்கா. தெளிவாப் போட்டிருக்கு."

சோறு தின்றுவிட்டு அவளும் இன்னும் இரண்டு பெண்களும் அரிவாளும் கயிறுமாக வந்தார்கள். சோதித்து அனுப்பினேன். வானம் மூடிக்கொண்டு இருந்தது. மழைக்கு முன்னால் வந்துவிடுவோம் என்று வேகமாகப் போனார்கள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து, பழக்க தோஷத்தில் ஆங்கிலத் தாளுக்குப் போனேன். பாலம் என்ற சொல் தெரிந்தது. காடு தெரிந்தது. கிழமை வரவேண்டிய இடத்தில் இருந்த சொல்லைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்கு வருகிற சொல் எனக்குத் தெரியும், அது அங்கே இல்லை. இருந்தது வேறு. ஆங்கிலத்தில் செவ்வாயும் வியாழனும் ஒரே எழுத்தில் தொடங்கும். இரண்டையும் நான் எப்போதும் குழப்பிக்கொள்வேன். இது செவ்வாயா, வியாழனா? செவ்வாய் என்றால் போன செவ்வாயா, வருகிற செவ்வாயா? எனக்குத்தான் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தமிழ்த் தாளில் அச்சடித்தவர்களுக்குத் தெரியாதா? அங்கே வெள்ளி என்று கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே.

மலாய்த் தாளைப் பார்த்தேன். ஹாரி காமிஸ். வியாழக்கிழமை.

திரும்பவும் எழுத்துக்கூட்டினேன். காமிஸ்தான். கான்ஸ்டபிள் தம்பியைக் கூப்பிட்டு, ஜாவியில் என்ன கிழமை போட்டிருக்கிறது பார் என்று மலாயில் கேட்டேன். அவன் வலப்பக்கமிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். "காமிஸ். ஹாரி இனி லா, காக்." இன்றைக்குத்தான் அக்கா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு பாலத்துக்குப் போகும் சாலையைப் பார்த்தான். அந்த மூன்று பெண்களும் போனதை அவனும் பார்த்திருந்தான்.

கிராணியின் ஆபீசுக்கு ஓடினேன். செருப்பைக் கேட்டிலேயே விட்டுவிட்டேன்.

"கிராணி ஐயா, பாலத்துக்கு அந்தாண்ட இன்னைக்கே மூடிட்டாங்களா?"

"ஆமா. காலையிலேயே பட்டாளம் எறங்கியாச்சு. நோட்டீஸ் படிச்சுச் சொன்னேல்ல?"

"தமிழ்ல வெள்ளின்னு இருக்கு ஐயா. மூணு பேரு வெறகுக்குப் போயிருக்காங்க."

கிராணி நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருக்கு ஆபீசில் வந்தது ஆங்கிலத் தாள். மற்றதிலும் அதேதான் இருக்கும் என்று அவரும் நம்பியிருந்தார், யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள். மேனேஜர் தோட்டத்தில் இல்லை. போனை எடுத்துப் பார்த்தார், சத்தமில்லை. காலையில் ஆட்களைக் கூட்டுகிற பெரட்டு மணியை அடிக்கலாமா என்றார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். நேரம்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் தாக்குதல் என்று அர்த்தம், ஓடி ஒளிந்துகொள்ளவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அந்தப் பெண்கள் காட்டோரம் புதருக்குள் போய்ப் பதுங்கினால் பட்டாளத்துக்காரன் என்ன நினைப்பான்?

"லோரியில போவோம்" என்றார். அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "ஆம்பளக் கொரல் கேட்டா வெளிய வரமாட்டாளுங்க. நீயும் வா."

அவருக்கு மூன்று பிள்ளைகள். போகாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லோரி பாலத்தை நெருங்கும்போது மெதுவாகப் போகச் சொன்னார். முன்கண்ணாடி வழியாக வெறும் சாலையும் லாலாங் புல்லும்தான் தெரிந்தன. திடீரென்று அந்தப் புல்லுக்குள்ளிருந்து தொப்பிகள் எழுந்தன. வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஒருவன் நடுச்சாலைக்கு வந்து துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கத்தினான். டிரைவர் பிரேக்கை மிதித்தார். கிராணி இறங்கிக் கைகளைத் தூக்கினார். தினமும் மேனேஜர் துரையிடம் ஆங்கிலம் பேசுகிறவர் அவர். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

நானும் இறங்கினேன். யாரையும் கேட்டுக்கொண்டு இறங்கவில்லை. கால்கள்தான் இறங்கின. எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். தமிழ் நோட்டீஸ், ஃப்ரிடாய். இங்கிலீஷ் நோட்டீஸ், துர்ஸ்டாய். சிப்பாய் விழித்தான். திரும்பவும் சொன்னேன். அவன் இன்னும் சத்தமாக என்னவோ கேட்டான். ஒரு சொல்கூடப் புரியவில்லை. பலகையில் மாதக்கணக்காக நான் படித்த மொழிதான் அவன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. காதால் கேட்டபோது எனக்கு அது முழுக்க வேற்று மொழியாக இருந்தது.

லோரியின் பக்கவாட்டுப் பலகை முழுவதும் செம்மண் புழுதி படிந்திருந்தது. கையை மெதுவாகக் கொண்டுபோய், விரலால் அதில் எழுதினேன். தமிழ் என்று ஆங்கில எழுத்தில் எழுதி, அதன் எதிரே வெள்ளிக்கிழமைக்கான சொல். கீழே இங்கிலீஷ் என்று எழுதி, எதிரே வியாழக்கிழமைக்கான சொல். பலகையில் எத்தனையோ தடவை பார்த்த எழுத்துகள், ஒன்றுகூடத் தவறாமல் வந்தன. பிறகு மூன்று கோடு கிழித்து, பாலத்துக்கு அப்பால் கையைக் காட்டி, என் சேலையைத் தொட்டுக் காண்பித்தேன்.

சிப்பாய் படித்தான். திரும்பி யாரையோ கூப்பிட்டான். வந்தவர் அதிகாரி போலிருந்தார், அவரும் படித்தார். அதற்குள் கிராணிக்குக் குரல் திரும்பிவிட்டது. மளமளவென்று பேச ஆரம்பித்தார். பேசும்போதே வியாழன் என்ற சொல்லை அவர் "தர்ஸ்டே" என்று சொல்வது என் காதில் விழுந்தது. அந்த நேரத்திலும், ஓ, அப்படியா சொல்லவேண்டும் என்று மனதில் ஒரு மூலை குறித்துக்கொண்டது.

அதிகாரி என்னைப் பாலத்தின் நடுவில் நிற்கச் சொன்னார். கூப்பிடச் சொன்னார்.

"அக்கா! நான்தான்! கேட்டுல நிப்பேன்ல, நான்தான்! எல்லாத்தையும் போட்டுட்டுக் கைய மேல தூக்கிக்கிட்டு வாங்க! ஓடாதீங்க! மெதுவா நடந்து வாங்க!"

பதிலில்லை. தூறல் விழத் தொடங்கியது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். என் பின்னால் துப்பாக்கிகள் இருப்பது முதுகில் தெரிந்தது. ஒருவேளை ஏற்கெனவே ஏதாவது நடந்து முடிந்திருக்குமோ? வெடிச்சத்தம் கேட்கவில்லையே. கேட்டிலிருந்து இவ்வளவு தூரம் கேட்குமா?

முதலில் இரண்டு பேர் வந்தார்கள், வெறும் கைகளை உயரத் தூக்கிக்கொண்டு, அழுதுகொண்டே. அக்காவைக் காணோம். அந்த இருவரும் பாலத்தைத் தாண்டிய பிறகு, மரங்களுக்கு இடையில் ஏதோ பெரிதாக அசைந்தது. தலை இருக்கவேண்டிய இடத்தில் அகலமாக என்னவோ. என் பின்னால் துப்பாக்கிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அக்கா விறகுக்கட்டைக் கீழே போடவில்லை. தலையில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சாலையின் குறுக்கே நின்றேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. தமிழா, மலாயா, எதுவென்று தெரியாது. சுடவில்லை. அவள் என் முன்னால் வந்து நின்று, "கையத் தூக்கச் சொன்னே, தூக்கித்தானே இருக்கேன்?" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் என் பின்னால் இருந்த துப்பாக்கிகளைப் பார்த்தாள்.

அடுத்த நாள் தமிழ்த் தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டினார்கள். யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. மற்ற இரண்டு பெண்களும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் என்னோடு பேசவில்லை. கேட்டில் நான் அவள் மடியைத் தடவும்போது கண்ணை மூடிக்கொள்வாள். எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள், "அதுல அப்படித்தானே அக்கா போட்டிருந்துச்சு" என்றேன்.

"தெரியும்" என்றாள். "உம்மேல கோவம் இல்ல. ஆனா நீ வெள்ளின்னு சொன்னே, நான் போனேன். நீ காமிஸ்னு சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன். என் உசுரு உன் வாயில இருந்துச்சு. அதான் புடிக்கல." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "எனக்கே படிக்கணும். சொல்லிக் குடுப்பியா?"

அறிவிப்புப் பலகையில் தொடங்க எனக்கு மனமில்லை. அந்தச் சொற்களை அவள் முதல் சொற்களாகக் கற்கவேண்டாம் என்று தோன்றியது. கிராணியின் வீட்டில் போய்க் கேட்டேன். அவர் மனைவி உள்ளே போய்ப் பழைய தமிழ்க் கதைப் பத்திரிகைகளை எடுத்து வந்தார். கூடவே, அவர்கள் பிள்ளை படித்து முடித்த ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றை எனக்கென்று கொடுத்தார். அவை கிராணி வீட்டிலிருந்து வந்தவை என்பதால் வீட்டுக்காரரும் அடுப்பில் போடவில்லை. ஆனாலும் ராத்திரிக்கு வீட்டில் வைக்கக் கூடாது என்றார். தினமும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன்.

அந்த ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு வாத்து தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போகும். யாரையும் யாரும் சுடமாட்டார்கள். முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரியாத சொற்கள் நிறைய. ஆனால் அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் அவற்றைத் தாண்டிப் போனேன். தாண்டிப் போன சொற்கள் அடுத்த பக்கத்தில் வேறு துணையோடு வந்து, தாமாகவே விளங்கின. சின்ன வயசில் தமிழ்க் கதைகளில் தெரியாத சொற்களை இப்படித்தானே கடந்து போனேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. பலகையைப் படித்தபோது ஒவ்வொரு சொல்லையும் பயந்து பயந்து தட்டிப் பார்த்திருக்கிறேன். இதில் பயப்பட மறந்துபோனேன். மாதக்கணக்கில் பலகையில் கற்றதைவிட அந்த வாத்தோடு நடந்த கொஞ்ச நாளில் அதிகம் கற்றேன் என்றுதான் சொல்லவேண்டும். தமிழும் திரும்ப வந்தது. வாத்துக் கதையைக் கேட்டில் பெண்களுக்குச் சொல்லும்போது, வேறெங்கும் தேவைப்படாத பழைய தமிழ்ச் சொற்கள் எங்கிருந்தோ எழுந்து வந்தன.

அக்காவுக்கு எழுத்துகள் ஏறுவது கஷ்டமாக இருந்தது. கோபித்துக்கொண்டு எழுந்து போவாள். மறுநாள் வருவாள். எப்போது பட்டாளம் வரும், எப்போது சோதனை வரும் என்று சாலையைப் பார்த்தபடியே நானும் அவளும் நிழலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினோம். பத்திரிகையில் ஒரு தொடர்கதை. கணவன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு போன ஒரு பெண்ணின் கதை. எங்களுக்குக் கிடைத்ததில் முன்னும் பின்னும் சில பகுதிகள் இல்லை. இல்லாததை நாங்களே இட்டு நிரப்பிக்கொண்டோம். நாளுக்கு நாள் அவள் வாசிப்பதன் வேகம் கூடியது. எப்போது கூடியது என்று நான் கவனிக்கவில்லை.

ஒரு மத்தியானம் நான் கூட்டத்தைச் சோதித்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அக்கா எனக்கு முன்னாலேயே பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அவ திரும்பப் போகல" என்றாள்.

"யாரு?"

"அந்தப் பொண்ணு. புருசன் வந்து கூப்புடுறான், இவ போகலன்னு சொல்லிப்புட்டா. கடைசி வரைக்கும் படிச்சுட்டேன்."

"நான் இன்னும் அதைப் படிக்கல அக்கா! ஏன் சொன்னீங்க?"

எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. பத்திரிகையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அவள் விடாமல் இழுத்துக்கொண்டு சிரித்தாள். கான்ஸ்டபிள் தம்பி என்ன சண்டை என்று பார்க்க எழுந்து வந்தான். அந்த வருஷங்களில், பயத்தோடு சம்பந்தமில்லாத ஒன்றுக்காக நான் கோபப்பட்டது அன்றைக்குத்தான்.